ஒரு மூடி காலையில், ஒரு மூடி மாலையில்

எட்டாம் வகுப்பில் என்னோடு உட்கார்ந்தவர்களே, நமக்கெல்லாம் முப்பது நெருங்குகிறது. பள்ளி மலருக்கு எழுதிக் கொடு என்று கேட்டீர்கள். "ஜாலியா எதாவது எழுதுடி" என்று ஒருத்தி குரல் பதிவே அனுப்பியிருந்தாள். ஜாலியாக இரண்டு முறை எழுதிப் பார்த்தேன். வாசலில் நெல்லிக்காய் விற்றவள், ஒழுகும் கூரைக்குக் கீழே நாம் எழுதிய அரையாண்டுத் தேர்வு என்று ஏதேதோ வந்தது. எதிலும் உண்மை இல்லை என்று பட்டதால் இரண்டையும் கிழித்துவிட்டேன். அந்த வருடம் என்றால் என் கண்முன் வந்து நிற்பது எங்கள் வீட்டு மோட்டார் சைக்கிள்தான்.

நீங்களும் அதைப் பார்த்திருக்கிறீர்கள். பச்சை டேங்க் வண்டி. அப்பா சில வருடம் ஆரோவில்லில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் தோட்ட வேலை செய்தார். அந்த மனிதர் ஊருக்கே திரும்பிப் போகும்போது வண்டியை அப்பாவிடம் விட்டுப் போனார். டேங்குக்குப் பச்சைப் பெயிண்டைப் பிரஷ்ஷால் அடித்திருந்தார். வெயிலில் தொட்டால் கையில் ஒட்டும். எங்கள் தெருவில் அன்றைக்கு இருந்த ஒரே மோட்டார் சைக்கிள் அது. அப்பா அதில் ஏறினால் முதுகை நிமிர்த்தி உட்காருவார். உப்பளத்தில் கூன் போட்டு உப்பு வாருகிற அதே முதுகு.

எங்கள் வீட்டில் நான்கு பேர். அப்பா, அம்மா, அக்கா, நான். அப்பாவும் அம்மாவும் பள்ளிக்குள் போனதில்லை. அக்கா இரண்டாம் வகுப்பு வரை போனாள். நான் பிறந்ததும் என்னைத் தூக்கி வைத்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று நிறுத்திவிட்டார்கள். அவள் பாதியில் விட்டதை நான் பட்டம் வரை படித்தேன். எங்கள் வம்சத்தில் கையெழுத்து போட்ட முதல் ஆள் நான். அதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. எப்படிப் படித்தேன் என்பதைத்தான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மார்கழியில் அந்தப் புயல் வந்தது. நாம் எல்லோரும் நம் வகுப்பறையிலேயே மூன்று இரவு தங்கினோம். பெஞ்சுகளை அடுக்கி, பொட்டலச் சோறு தின்று, அது ஏதோ சுற்றுலா போல இருந்தது நமக்கு. திரும்பிப் போனபோது கழுவெளி உப்பங்கழியின் தண்ணீர் எங்கள் தெருவில் இடுப்பளவு நின்றது. வண்டி வீட்டுக்குப் பக்கத்தில் சாய்ந்து நின்றது. கைப்பிடியும் டேங்கின் மேல் பக்கமும் மட்டும் வெளியே தெரிந்தன. ஒரு தவளை சீட்டின் மேல் உட்கார்ந்திருந்தது.

தண்ணீர் வடிந்த பிறகு அப்பா வண்டியைத் துணியால் துடைத்தார். சேற்றைக் குச்சியால் நோண்டினார். கழுவவில்லை. அப்போது குடிதண்ணீர் லாரியில் வந்தது. வீட்டுக்கு நான்கு குடம். இரண்டு குடத்தை வண்டிக்கு ஊற்றும்படி அந்த நேரத்தில் யார் சொன்னாலும் அம்மா அடிக்க வந்திருப்பாள். உப்புத் தண்ணீர் காயும்போது என்ன செய்யும் என்று எங்களுக்குத் தெரியாதா என்ன? உப்பளத்தில் நிற்கும் அம்மாவின் குதிகாலைப் பார்த்தாலே தெரியும். ஆனால் உடம்புக்குச் செய்வதை அது இரும்புக்கும் செய்யும் என்று அந்த வாரத்தில் யாரும் யோசிக்கவில்லை.

பொங்கல் கழித்து அப்பா வண்டியை உதைத்தார். உதைக்கும் கட்டை அசையவே இல்லை. ஏறி நின்றார். அப்படியே நின்றார். தெருவில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"இன்னாண்ணே, வண்டி மேல ஏறி கடல் தெரியுதான்னு பாக்குறியா?"

அப்பா இறங்கி, மேலே ஒரு சாக்கைப் போட்டு மூடினார். அதோடு விட்டிருந்தால் என் கதை வேறு மாதிரி போயிருக்கும்.

மாசியில் அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். பையனுக்குக் கடலை விட்டு உள்ளே தள்ளி ஒரு கிராமம். குயிலாப்பாளையத்தில் தங்கும் விடுதிகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் வேலை. சிவந்த கண், சின்ன மீசை, அதிகம் பேசவில்லை. அக்காவுக்குப் பிடித்துவிட்டது. எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவர்கள் போன பிறகு அவள் அவன் குடித்த டம்ளரைக் கழுவாமல் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள். பத்தொன்பது வயது அவளுக்கு. கண் கூசும் உப்பளத்து வெள்ளையிலிருந்து வெளியே போக ஒரு வழி வந்திருந்தது.

பையனின் அப்பா சாக்கைத் தூக்கிப் பார்த்தார். டேங்கைத் தட்டினார்.

"நகையெல்லாம் நீங்க போடுறதப் போடுங்க. பையன் தெனம் பஸ்ஸுக்கு நின்னு நின்னு வேல போவுது. இந்த வண்டிய ஓடுற மாதிரி பண்ணிக் குடுத்துருங்க. போதும்."

"ஜாம் ஆயி நிக்குதுங்க. புயல்ல."

"ஜாமாயிருந்தா எடுக்கணும். நிக்குற வண்டிய நாங்க கொண்டுபோயி கோழியா அடைக்கிறது?"

எல்லோரும் சிரித்தார்கள். பங்குனி முடிவதற்குள் வந்து வண்டி ஓடுவதைப் பார்ப்பது, பார்த்ததும் தாம்பூலம் மாற்றுவது என்று பேச்சு முடிந்தது. வண்டி ஓடினால் கல்யாணம். அவ்வளவு வெளிப்படையாகத்தான் பேசினார்கள். யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை.

மெக்கானிக் வந்தார். உப்பளத்துத் தண்ணீர் இறைக்கும் எஞ்சின்களைப் பார்ப்பவர். மெயின் ரோட்டில் சின்னக் கடை. வண்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பிளக்கைக் கழற்றி, ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"உள்ள பிஸ்டனும் சிலிண்டரும் துருப்பிடிச்சி ஒண்ணா ஒட்டிக்கினு இருக்குது. இதுல ஏறி ஒதச்சீங்களா?"

அப்பா தலையாட்டினார்.

"ஒதைக்கக் கூடாதுண்ணே. ஒதச்சா ரிங்கு ஒடையும், ராடு வளையும். அப்புறம் எடைக்குத்தான் போடணும். இது நோயாளி மாதிரி. மருந்து ஊத்தி, காத்திருந்து, கொஞ்சங் கொஞ்சமா எழுப்பணும்."

மண்ணெண்ணெயும் எஞ்சின் ஆயிலும் கலந்து ஓர் இருமல் மருந்து பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தார். காலையில் ஒரு மூடி, மாலையில் ஒரு மூடி, பிளக் ஓட்டை வழியாக ஊற்ற வேண்டும். அது துருவுக்குள் இறங்கும். பிறகு வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, கியரில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் ஆட்டிப் பார்க்க வேண்டும். பலம் காட்டக் கூடாது. தொட்டிலை ஆட்டுவது போல. என்றைக்காவது ஒரு நாள் மயிரிழை அசையும். அன்றிலிருந்து பயமில்லை.

"ஊத்துறது யாரு?" என்றார் மெக்கானிக்.

அப்பா என்னைக் கை காட்டினார். "இவதான். படிக்கிற புள்ள. அளவா ஊத்துவா."

சக்கரம் ஆட்டும் வேலை அக்காவுக்கு. அவளுடைய வண்டி என்று அதற்குள் எல்லோரும் சொல்ல ஆரம்பித்திருந்தார்கள்.

விடியும் முன்பே அவளும் அம்மாவும் உப்பளத்துக்குப் போவார்கள். வெயில் ஏறித் திரும்பி வந்ததும் அக்கா முகம்கூடக் கழுவாமல் வண்டியிடம் போவாள். நான் பள்ளியிலிருந்து கொண்டுவந்த சாக்பீஸால் டயரில் ஒரு கோடும், அதற்கு நேராகப் பக்கத்துக் கம்பியில் ஒரு கோடும் போட்டு வைத்திருந்தாள். சக்கரம் நகர்ந்தால் இரண்டு கோடும் விலகும். மண்டி போட்டு, டயரைக் கட்டிப்பிடித்தது போல உட்கார்ந்து ஆட்டுவாள். பக்கத்து வீட்டு அத்தை வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "இன்னாடி, மாப்ளைய இப்பவே மடியில போட்டுத் தாலாட்டுறியா?" என்பாள். அக்கா, "போ அத்த" என்பாள். ஆனால் ஆட்டுவதை நிறுத்த மாட்டாள்.

பதினோராம் நாள் என்று நினைக்கிறேன். நான் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன்.

"அசையுதுடி! ஏய், வந்து பாரு, அசையுதுடி!"

ஓடிப் போய்ப் பார்த்தேன். சாக்பீஸ் கோடுகள் இரண்டும் ஒரு நெல்மணி அளவு விலகியிருந்தன. அக்கா அழுதுகொண்டே சிரித்தாள். அவள் கையிலிருந்த உப்பு கன்னத்தில் ஒட்டியிருந்தது. அன்றைக்கு எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை நான் மறுக்கவில்லை.

மறுநாள் அது விரல் அகலம் ஆனது. மூன்றாம் நாள் மெக்கானிக் வந்து பார்த்து, "பொண்ணு கை ராசியான கை. இன்னும் பத்து நாள், எஞ்சின் ஃப்ரீ ஆயிடும்" என்றார்.

அன்று சாயங்காலம் அப்பாவுக்கு வாயெல்லாம் பல். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நான் சுவருக்கு அந்தப் பக்கம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவர்கள் ரகசியம் ஒன்றும் பேசவில்லை. சாதாரணமாகத்தான் பேசினார்கள்.

அம்மா சொன்னாள்: "பெரியவ போயிட்டா எனக்கு யாரு ஜோடி? மேஸ்திரி ஒண்டியா வந்தா வேல தர மாட்டாரு."

எங்கள் பக்கத்து உப்பளங்களில் சுமை தூக்கும் பெண்களை ஜோடியாகத்தான் எடுப்பார்கள். ஈர உப்பு நிறைந்த தட்டைத் தானே தூக்கித் தலையில் வைத்துக்கொள்ள முடியாது. ஒருத்தி தூக்கிவிட வேண்டும். ஜோடி இல்லாதவள் வரப்பில் நின்று வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். அம்மாவுக்கு ஜோடி அக்கா.

அப்பா சொன்னார்: "அதான் சின்னவ இருக்காளே. பரீட்ச முடியட்டும், இட்டுனு போ."

"நல்லாப் படிக்கிறான்னு டீச்சர் சொல்லுது."

"எட்டாவது வரைக்கும் படிச்சாச்சி இல்ல. இதுக்கு மேல படிச்சி இன்னா கலெக்டராவா ஆவப் போறா?"

அம்மா கொஞ்ச நேரம் முறத்தைத் தட்டினாள். பிறகு, "கொஞ்சம் கறுத்துப் போவா. வேற இன்னா" என்றாள்.

அவ்வளவுதான். வேறு ஏதோ பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

அந்த வாரம் அறிவியல் டீச்சர் நமக்குத் துருப்பிடித்தல் பாடம் நடத்தியிருந்தார். மூன்று சின்ன பாட்டில், மூன்று ஆணி. உலர்ந்தது ஒன்று, நல்ல தண்ணீர் ஒன்று, உப்புத் தண்ணீர் ஒன்று. நான்காம் நாளே மூன்றாவது பாட்டில் செம்மண் கரைத்தது போல ஆனது. "ஏன்?" என்று டீச்சர் கேட்டபோது கை தூக்கியது நான் மட்டும்தான். நீங்கள் எல்லோரும் கைதட்டினீர்கள்.

சனி ஞாயிறுகளில் அம்மாவுக்கும் அக்காவுக்கும் சோறு எடுத்துப் போவது நான். உப்பை வாரிய பிறகு பாத்தியின் மூலையில் கொஞ்சம் தண்ணீர் மிஞ்சும். உப்பாகத் திரளாத தண்ணீர். கசப்புத் தண்ணி என்போம். அதை வாய்க்காலில் தள்ளிவிடுவார்கள். ஒரு முறை அக்கா அதில் விரலை நனைத்து என் உள்ளங்கையில் தேய்த்துக் காட்டினாள். "பாரு, எண்ண மாதிரி வழவழன்னு இருக்குது இல்ல? சீக்கிரம் காயாது. தொட்டுட்டு கண்ணக் கசக்கிடாத." எனக்கு அது தெரிந்தது அவள் சொல்லித்தான்.

இரண்டு நாள் யோசித்தேன். ஞாயிற்றுக்கிழமை சோற்றுத் தூக்கைக் கழுவுவது போலக் குனிந்து, மிட்டாய் டப்பா ஒன்றில் அந்தத் தண்ணீரை மொண்டு வந்தேன். பாட்டிலில் இருந்த எண்ணெயில் முக்கால்வாசியைச் சாம்பல் குப்பையில் ஊற்றினேன். கசப்புத் தண்ணீரை நிரப்பினேன். மேலே எண்ணெய் மிதந்தது. குலுக்கினால் எல்லாம் ஒன்றே போலத் தெரிந்தது. வாசனையும் மண்ணெண்ணெய் வாசனைதான்.

காலையில் ஒரு மூடி. மாலையில் ஒரு மூடி. நன்றாகக் குலுக்கிவிட்டு ஊற்றினேன். ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை.

முதல் இரண்டு நாள் எந்த வித்தியாசமும் இல்லை. அக்கா ஆட்டினாள். அவள் ஆட்ட ஆட்ட அது இன்னும் கீழே இறங்கியது. இதைத்தான் என்னால் இன்றைக்கும் நினைக்க முடிவதில்லை. அவள் தன் கையாலேயே அதை உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தேன்.

நான்காம் நாள் கோடு நெல்மணிக்குத் திரும்பியது. ஐந்தாம் நாள் அதுவும் இல்லை.

"அன்னிக்கி இவ்ளோ வந்துச்சேடி" என்று விரலைக் காட்டினாள். "நீ ரெண்டு வேளையும் ஊத்துற இல்ல?"

"ஊத்துறேன்க்கா. நீ வேணா பாட்டிலப் பாரு, எவ்ளோ கொறஞ்சிருக்குது."

பாட்டிலைப் பார்த்தாள். தலையாட்டினாள். அதன் பிறகு அவள் இரவுச் சோற்றைப் பாதியில் வைக்க ஆரம்பித்தாள். சக்கரத்தின் கம்பிகளைப் பிடித்து ஆட்டி ஆட்டி உள்ளங்கையில் கொப்புளம் வந்து, அதே கையோடு மறுநாள் உப்பளத்துக்குப் போனாள். உடைந்த கொப்புளத்தில் உப்புத் தண்ணீர் பட்டால் எப்படி இருக்கும் என்று நம்மில் சிலருக்குச் சொல்லத் தேவையில்லை. மெக்கானிக்கிடம் சொல்லிவிட வேண்டும் என்று அவள் நினைத்தாள். "திரும்பவும் புடிச்சிக்குச்சின்னு சொன்னா அபசகுனம். சும்மா இரு" என்று அம்மா தடுத்துவிட்டாள்.

மாப்பிள்ளை வீட்டார் ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். ஏழு பேர். அப்பா கலர் சோடா வாங்கி வைத்திருந்தார். அக்காவுக்குப் பக்கத்து வீட்டு அத்தையின் புடவை. மெக்கானிக் புது பிளக்கோடு வந்து சக்கரத்தைத் தொட்டதும் அவர் முகம் மாறியது. இரண்டு கையாலும் ஆட்டினார்.

"இது மறுபடி புடிச்சிக்கினு இருக்குதுண்ணே. இன்னிக்கி வேணாம். எனக்கு ஒரு வாரம் குடுங்க, எஞ்சினப் பிரிச்சே பாத்துடுறேன்."

பையனின் அப்பா, "ஏம்பா, ஏழு பேரு பஸ் ஏறி வந்தது கலர் குடிக்கவா?" என்றார்.

"அவசரப்பட்டா ஒடஞ்சிடுங்க."

"எங்க பையன் ஒதச்சா எந்த வண்டியும் எழுந்துக்கும். டேய், போடா."

பையன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினான். அவன் அக்காவை ஒரு முறை பார்த்தான். பார்த்துவிட்டு, முழு உடம்பையும் தூக்கி உதைத்தான். ஒன்றும் இல்லை. திரும்ப உதைத்தான். மூன்றாவது உதையில் உள்ளே எலும்பு முறிவது போல ஒரு சத்தம். உதைக்கும் கட்டை தொளதொளவென்று கீழே தொங்கியது. எஞ்சினின் வயிற்றிலிருந்து கறுப்பாய் ஏதோ சொட்டியது.

எல்லோரும் மெக்கானிக்கைத் திட்டினார்கள். திருட்டு ஆயில் ஊற்றினான், வேலை தெரியாதவன், எஞ்சினைக் கொன்றுவிட்டான். பையனின் சித்தப்பா அவர் சட்டையைப் பிடித்தார். மெக்கானிக் கையை உதறிவிட்டு, பிளக்கைக் கழற்றி, ஒரு கம்பியில் துணியைச் சுற்றி ஓட்டைக்குள் விட்டு எடுத்தார். துணியில் செம்பழுப்பாய்க் குழம்பு, ஓரத்தில் வெள்ளை. விரலால் தேய்த்துப் பார்த்தார். நாக்கில் வைத்தார். துப்பினார்.

"நான் ஊத்தச் சொன்னது எண்ண. இது பாத்தித் தண்ணி. கசப்புத் தண்ணி."

"புயல் தண்ணியா இருக்கும்" என்றார் அப்பா.

"புயல் தண்ணி எப்பவோ காஞ்சி போச்சிண்ணே. இது புதுசு. எவனோ வேணும்னே ஊத்தியிருக்கான். என் தொழில் மேல பழி போடாதீங்க."

அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் சொன்னார். அவர் சொன்னது முழுக்க உண்மை. அப்பாவின் கண் மெதுவாகத் திரும்பியது. கடன் வாங்கிய புடவைக்குக் கீழே தெரிந்த அக்காவின் பாதத்தில் வந்து நின்றது. வெள்ளையாய் வெடித்த பாதம். கசப்புத் தண்ணீரில் தினமும் நிற்கும் பாதம். தினமும் வண்டியைத் தொடும் கை. கணக்கு அவருக்குச் சரியாக வந்துவிட்டது.

பையனின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். "பொண்ணுக்கு இஷ்டமில்லன்னா வாயால சொல்லியிருக்கலாமே. வண்டிய ஏன்மா கொன்ன?"

"நான் இல்லீங்க" என்றாள் அக்கா. அவரைப் பார்த்துச் சொல்லவில்லை. பையனைப் பார்த்துச் சொன்னாள். அவன் அதற்குள் திரும்பி நடக்க ஆரம்பித்திருந்தான். கலர் பாட்டில்கள் திறக்காமலே இருந்தன.

அவர்கள் பஸ் ஏறும் வரை அப்பா காத்திருந்தார். பிறகு வண்டியிலிருந்து கிளட்ச் ஒயரைப் பிடுங்கினார்.

"எவன்டி அவன்?"

"யாரும் இல்லப்பா."

"எவனுக்காகடி ஊத்துன?"

பட்டப்பகல். வேலி ஓரம் ஆட்கள் நின்றார்கள். அம்மா அவளைத் தடுப்பது போலப் பிடித்துக்கொண்டு, "பேரச் சொல்லிடுடி, அடி நிக்கும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். எந்தப் பெயரும் இல்லாத ஒருத்தியிடம் பெயர் கேட்டார்கள். நான் கதவில் நின்றேன். அம்மா என்னைப் பார்த்துவிட்டாள்.

"நீ இதெல்லாம் பாக்காத. உள்ள போயி படி. திங்கக்கெழம பரீட்ச."

உள்ளே போனேன். சமூக அறிவியல் புத்தகத்தை எடுத்து வைத்துச் சத்தமாகப் படித்தேன். எதுவும் கேட்கக்கூடாது என்று இன்னும் சத்தமாகப் படித்தேன். ஆனாலும் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து அக்கா, "ஆமாப்பா, நான்தான் ஊத்துனேன், நான்தான், வுட்டுடுப்பா" என்றாள்.

அடி நின்றது. வெளியே யாரோ, "பாத்தியா, ஒத்துக்குனா" என்றார்கள்.

என்னைக் காப்பாற்றத்தான் அவள் அப்படிச் சொன்னாள் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படி நினைத்தால் இதமாக இருந்தது. இல்லை. வலி தாங்காமல் சொன்னாள். அன்று மாலை நான் அவள் முதுகுக்குத் தேங்காயெண்ணெய் தடவியபோது அவள் கேட்டாள்: "ஏய், நீ ஊத்தப் போறப்ப வண்டிகிட்ட யாராவது நின்னாங்களாடி? யாரையாவது பாத்தியா?"

"இல்லக்கா."

"யாரா இருக்கும்?"

"தெரியலக்கா."

சமூக அறிவியலில் நான் வகுப்பில் இரண்டாவது. உங்களுக்கு நினைவிருக்கலாம்.

வண்டியைப் பழைய இரும்புக்காரர் எடைக்கு எடுத்துப் போனார். அக்கா அம்மாவுக்கு ஜோடியாகவே இருந்தாள். நான் ஒன்பதாவது போனேன். பன்னிரண்டு முடித்தேன். திண்டிவனத்தில் கல்லூரி. இப்போது புதுச்சேரியில் ஒரு மருந்துக் கம்பெனி ஆய்வகத்தில் வெள்ளைக் கோட்டு போட்டு நிற்கிறேன். இன்று அப்பா பஸ்ஸில் யாரைப் பார்த்தாலும் என் படிப்பைச் சொல்லாமல் இறங்குவதில்லை. தாம்பூலம் வரை வந்து நின்ற பெண், வண்டியைக் கொன்ற பெண் என்று அக்காவுக்குப் பெயர் போயிருந்தது. ஐந்து வருடம் யாரும் கேட்டு வரவில்லை. பிறகு மனைவியை இழந்த ஒருவர் வந்தார். அவளைவிடப் பதினாறு வயது மூத்தவர். அவர் அவளை அடிப்பதில்லை. அம்மா அதை இன்றும் ஒரு பெருமையாகச் சொல்வாள்.

இதோடு முடித்திருப்பேன். போன பொங்கலுக்கு அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் மகளுக்கு நான் ஒரு சைக்கிள் வாங்கிப் போயிருந்தேன். பெடல் சரியாக முறுக்காமல் ஆடியது. "அந்த ஸ்பேனர எடுக்கா, நீயே ஒரு திருகு திருகு" என்றேன். அக்கா கையைப் புடவையில் துடைத்தாள். துடைத்துவிட்டு, போய் சோப்பு போட்டுக் கழுவினாள். திரும்பி வந்து, தொடாமலே நின்றாள்.

"நீயே பண்ணு. நான் தொட வேணாம்."

"ஏன்க்கா?"

அவள் சிரித்தாள். "எனக்கு அப்பறமா தோணுச்சிடி. யாரும் ஊத்தல. யாரு வந்து ஊத்தப் போறாங்க? நான்தான் பாத்தியிலிருந்து வந்த கையோட, ஈரம்கூடக் காயாம, தெனம் அந்த வண்டியக் கட்டிக்கினு கெடந்தேன் இல்ல? என் கையிலேந்து வழிஞ்சிதான் உள்ள எறங்கியிருக்குது. அவசரம். முகம் கழுவக்கூடப் பொறுக்கல எனக்கு. என் கல்யாணத்த என் கையே தின்னுடுச்சி." மகளைக் காட்டினாள். "அதான் இவ புஸ்தகத்தக்கூட நான் சும்மா தொட மாட்டேன்."

நான் ஸ்பேனரால் பெடலை முறுக்கினேன். ஒன்றும் சொல்லவில்லை. அவளிடம் அப்படி மறைத்தது இது இரண்டாவது முறை.

அக்காவுக்குப் பஸ் போர்டு தவிர எதையும் படிக்க வராது. ஆனால் நான் எழுதி அச்சில் வருவதை எல்லாம் அவள் வாங்கி வைப்பாள். மூன்றாம் வகுப்பு படிக்கும் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்பாள். குழந்தை ஒவ்வொரு எழுத்துக்கும் கீழே விரல் வைத்துப் படிக்கும். இந்த மலரும் அவர்கள் வீட்டுக்குப் போகும். என் வாயால் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. மறுபடியும் வேறொருத்தியின் தலையில் சுமையை ஏற்றுகிறேன், இந்த முறை எட்டு வயதுப் பிள்ளையின் தலையில். நான் எப்படிப்பட்டவள் என்று உங்களுக்கு இப்போது தெரியும்.

கண்ணு, இந்த வரிக்கு வந்துவிட்டாயா? அம்மா நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தாதே. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, அடுத்த வரியை நன்றாக, சத்தமாகப் படி.

அம்மா, அது உன் கை இல்லை. சித்திதான் ஊற்றினாள்.